நான்கெல்லைக்குள் ஒரு கொலை

"தென்னாற்காடு ஜில்லா, கள்ளக்குறிச்சி டவுனில், துருகம் ரோட்டுக்கு வடக்கு, ஏரி வாய்க்காலுக்குத் தெற்கு, புளியந்தோப்புக்குக் கிழக்கு, பண்ருட்டியார் காலி மனைக்கு மேற்கு, இந்த நான்கெல்லைக்குள் அடங்கிய மல்லாட்டை மில்லின் எடைபோடும் அறையில், மேற்படி மில்லின் முதலாளி தலையில் காயத்துடன் கிடந்தார். அப்போது அவருக்குச் சுயநினைவு இல்லை. உயிரும் இல்லை."

ஒரு கொலையைப் பற்றிய புத்தகம் இப்படித் தொடங்கி நான் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்த்ததில்லை. எழுதியவர் சப்-ரிஜிஸ்தர் ஆபீஸ் வாசலில் உட்கார்ந்து பத்திரம் எழுதுகிறவர். ஊருக்கு அவர் 'ரைட்டர்'. அப்பா அம்மா வைத்த பெயரைச் சொல்லி விசாரித்தால் அவர் தெருக்காரர்களே அப்படி யாரும் இல்லை என்றுதான் சொல்வார்கள்.

நான் அப்போது பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் நடத்திக்கொண்டிருந்தேன். ஊரில் தமிழ் மெஷின் வைத்திருந்தது நான் மட்டும்தான் என்பதால் அந்தக் கொலை என் தலையில் வந்து விழுந்தது. முதல் பக்கத்தை அடித்து முடித்ததுமே கேட்டுவிட்டேன்.

"ஐயா, செத்துப்போனவருக்கு எதுக்குங்க நாலு எல்ல?"

"எல்ல இல்லாம எந்த எடம் டீச்சரம்மா இருக்குது? நாளைக்கு ஒருத்தன் வந்து இந்தக் கொல பண்ருட்டியார் மனையில நடந்துதுன்னு சொன்னா இன்னா பண்றது?"

அறுபது வயசு. காது வரை இறங்கிய கிருதா. வேட்டி மடிப்புக் கலையாமல் நாள் முழுக்கத் தரையில் உட்காரும் வித்தை அவருக்குத் தெரியும். எழுத்து முத்து முத்தாக இருக்கும். ஆனால் ஊரில் அவர் பேர் வாங்கியது எழுத்துக்காக இல்லை. எழுதியதை அதற்குரியவரிடம் ஒரு வரி விடாமல் சத்தமாகப் படித்துக் காட்டாமல் கையெழுத்து வாங்க மாட்டார். சப்-ரிஜிஸ்தரே வந்து நின்றாலும் மாட்டார். "எனக்கு எல்லாம் தெரியும் ரைட்டரே, எங்க போடணும் சொல்லுங்க" என்று அவசரப்பட்டவர்கள் எத்தனையோ பேர். அவர் பேனாவை மூடி ஜேபியில் செருகிவிட்டு, "அப்ப வேற ஆளப் பாருங்க" என்பார். என் இன்ஸ்டிடியூட் கட்டிடத்துக்கு வாடகை ஒப்பந்தம் எழுதிய அன்று, 'மேற்படி ஜன்னல் இரண்டுக்கும் கொக்கி உள்ளது' என்ற வரி வரைக்கும் படித்துக் காட்டியதில் கட்டிடத்தின் சொந்தக்காரர் சேலம் பஸ்ஸை விட்டார். அதற்கடுத்த பஸ்ஸையும் விட்டார்.

இந்தப் பழக்கத்தால் ஊரில் சில குடும்பங்கள் பிழைத்ததும் உண்டு. நைனார்பாளையத்திலிருந்து ஒருவர் கோபமாக வந்து, மருமகனைத் திட்டி ஒரு கடிதம் எழுதித் தரச் சொன்னார். ரைட்டர் ஒரு வசவையும் விடாமல், ஒற்றுப்பிழை இல்லாமல் எழுதினார். பிறகு ஆபீஸ் வாசலில் பத்திரம் பதிய வந்திருந்த அத்தனை பேர் முன்னாலும் கணீரென்று படிக்க ஆரம்பித்தார். இரண்டாவது வரியிலேயே அந்த மனுஷர் நெளிந்தார்.

"அத்த எடுத்துடுங்க."

ரைட்டர் அதை அடித்துவிட்டு மேலே படித்தார்.

"அத்தயும் எடுத்துடுங்க. அவங்கம்மாளப் பத்தி இருக்குது பாருங்க, அது வோணாம். பாவம், அந்தம்மா இன்னா பண்ணும்."

கடைசியில் கடிதத்தில் மிஞ்சியது, 'நலம். நலமறிய ஆவல். பெண்ணைப் பொங்கலுக்கு அனுப்பி வைக்கவும்.' அதையும் முழுசாகப் படித்துக் காட்டித்தான் கையெழுத்து வாங்கினார்.

இப்படிப்பட்ட ஒரு மனிதர், கண்டுபிடிக்கப்படாத ஒரு கொலையைப் பற்றிப் புத்தகம் எழுதினால் என்ன ஆகும் என்று நான் முன்கூட்டியே யோசித்திருக்க வேண்டும்.

வெள்ளைக்காரன் போன கொஞ்ச காலத்தில் நடந்த கொலை அது. வேர்க்கடலையை எங்கள் பக்கம் மல்லாட்டை என்போம். மல்லாட்டை மில் முதலாளி காலையில் மில்லுக்குள் இறந்து கிடந்தார். பக்கத்தில் எடைபோடும் இரும்புப் படிக்கல். போலீஸ் மூன்று பேரைச் சந்தேகப்பட்டது. ஒருவர், அண்ணனோடு பாகப்பிரிவினைத் தகராறில் இருந்த தம்பி. இரண்டாமவர், மில்லின் கணக்குப்பிள்ளை. மூன்றாமவர், கல்வராயன் மலையிலிருந்து கடுக்காயும் தேனும் கொண்டுவந்து மில் வாசலில் விற்கும் ஒரு மலைக்காரர். தம்பிக்கு வக்கீல் இருந்தார், கணக்குப்பிள்ளைக்கு மாமனார் இருந்தார். மலைக்காரரைப் பிடித்து உள்ளே வைத்தார்கள். பதினாலு மாதம் கழித்துக் கடலூர் கோர்ட், சாட்சி இல்லை என்று விட்டுவிட்டது. கொன்றது யார் என்பது அதோடு நின்றுபோனது.

ரைட்டர் ஒவ்வொருவராகத் தேடிப்போய்ப் பேசி, எழுதி, எழுதியதைத் திரும்ப எடுத்துப்போய் அவரவரிடமே படித்துக் காட்டினார். கணக்குப்பிள்ளை வயதாகி மகன் வீட்டில் இருந்தார். அவருடைய அத்தியாயம் பத்துப் பக்கமாகப் போய் இரண்டு பக்கமாகத் திரும்பி வந்தது. தம்பிதான் அப்போது மில்லுக்கு முதலாளி, ஊரில் பெரிய மனிதர். அவருடையது பதினெட்டுப் பக்கம். மூன்று முறை அடித்தேன். மூன்றாவது முறை அவர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததில், 'அவர் என் அண்ணன். இறந்துவிட்டார். எனக்கு வருத்தம். எங்கள் மில்லில் இப்போது சுத்தமான கடலை எண்ணெய் கிடைக்கும்' என்று மட்டும் இருந்தது.

எனக்கு ஆத்திரமாக வந்தது. "இப்டியே போனா புஸ்தகத்துல அட்டதாங்க மிஞ்சும்."

"மிஞ்சுனது ஒறுதியா நிக்கும் இல்ல? அவரே ஒத்துக்கினது."

"அந்தக் கடல எண்ணெயுமா?"

"அது நெசந்தான் டீச்சரம்மா. நல்லாத்தான் இருக்குது. எங்க வூட்டுல அதான் வாங்கறோம்."

மலைக்காரரைப் பற்றிய அத்தியாயத்தை மட்டும் அவர் அடிக்கக் கொடுக்கவில்லை. கேட்டபோதெல்லாம் கோர்ட்டிலிருந்து நகல் வர வேண்டும் என்று தள்ளிக்கொண்டே வந்தார்.

இட ஒதுக்கீடு கேட்டு ஊர் ஊராகச் சாலை மறியல் நடந்த வருஷம் அது. கடலூரில் அக்கா வீட்டுக்குப் போய்விட்டு நான் பஸ் ஏறினால், முன் சீட்டில் ரைட்டர். மடியில் புத்தகக் கட்டு. மேலே கோர்ட் முத்திரை குத்திய நகல்.

"கெடச்சிடுச்சுங்களா?" என்றேன்.

"கெடச்சிடுச்சு" என்றார். கிடைத்தவர் முகம் மாதிரி அது இல்லை.

உளுந்தூர்பேட்டை தாண்டி இரண்டு மைல் போயிருப்போம். ரோட்டுக்குக் குறுக்கே ஒரு புளியமரம் படுத்திருந்தது. அதற்கு அந்தப் பக்கம் இன்னொன்று. முன்னால் லாரிகள், பின்னால் லாரிகள். கோடாலியோடு இருபது முப்பது இளைஞர்கள் மரத்தின்மேல் உட்கார்ந்திருந்தார்கள். டிரைவர் இறங்கிப் போய்ப் பேசிவிட்டு வந்து, பீடியைப் பற்றவைத்துக்கொண்டு, "எல்லாரும் எறங்கிக் காத்தாட ஒக்காருங்க, இப்ப போவாது" என்றார்.

எவ்வளவு நேரம்தான் சும்மா உட்கார்ந்திருப்பது? கூடையில் கோழிகளோடு சின்னசேலம் போகிற ஓர் அம்மாள், ரைட்டர் மடியைக் காட்டி, "அது இன்னாங்க கட்டு?" என்று கேட்டாள்.

"ஒரு கொல கேசும்மா."

அவ்வளவுதான். வட்டமாகக் கூட்டம் கூடிவிட்டது. மரத்தின்மேல் இருந்தவர்களில் ஒரு பையன், கோடாலியைத் தோளில் போட்டபடி வந்தான். "படிங்க ஐயா. நாங்க கேக்கறதுக்கு மெட்ராஸ்ல இருந்து பதில் வர்ற வரிக்கும் பொழுது போவோணும் இல்ல?"

ரைட்டருக்குப் படி என்று சொல்ல ஆள் கிடைத்தால் போதும். நான்கெல்லையில் தொடங்கினார். லாரி டிரைவர்கள், பயணிகள், மறியல்காரர்கள் எல்லோரும் புளிய நிழலில் உட்கார்ந்து கேட்டார்கள். பக்கத்தில் ஒருவன் கோடாலிக் காம்பைத் தலைக்கு வைத்துப் படுத்துக்கொண்டே கேட்டான். கதை பாதி போவதற்குள் அங்கே ஒரு கோர்ட் உருவாகிவிட்டது.

"தம்பிதாங்க. சொத்துக்குத்தான்" என்றார் ஒரு லாரி டிரைவர்.

"இன்னா சொல்ற நீ? அவருதான் எனக்கு வருத்தம்னு கையெழுத்துப் போட்டிருக்கறாரே" என்றாள் கோழிக்கார அம்மாள். "கணக்குப்பிள்ளதான். பத்துப் பக்கம் எப்டி ரெண்டு பக்கமாச்சு? அத்தச் சொல்லு."

தம்பி கட்சி, கணக்குப்பிள்ளை கட்சி என்று கூட்டம் பிரிந்து கத்தியது. கண்டக்டர் இரண்டு கட்சியிலும் மாறி மாறிச் சேர்ந்தார். தூரத்தில் நின்ற இரண்டு போலீஸ்காரர்கள், மறியலில்தான் அடிதடி என்று நினைத்து ஓடிவந்து, விஷயம் தெரிந்ததும் அவர்களும் உட்கார்ந்துவிட்டார்கள்.

அப்போதுதான் அந்தக் கோடாலிப் பையன் சொன்னான். "மலக்காரன்தாங்க பண்ணியிருப்பான். சும்மாவா புடிச்சி உள்ள வெச்சாங்க?"

ரைட்டர் அவன் பக்கம் திரும்பினார். பிறகு கோர்ட் நகலைப் பிரித்தார். "அவரு போலீசுல குடுத்த வாக்குமூலம்னு சொல்லி ஒண்ணு இருக்குது. கோர்ட்டு இத்த ஏத்துக்கல. இருந்தாலும் படிக்கறேன்."

மலைக்காரரே சொல்வதுபோல எழுதியிருந்தது. கடுக்காய் விலையில் தகராறு வந்தது, கோபத்தில் படிக்கல்லை எடுத்தேன், என்று போயிற்று. அப்புறம் 'மேற்படி நபர் சுயநினைவோடும் பிறர் தூண்டுதல் இன்றியும் சொல்லக் கேட்டு எழுதி, படித்துக் காட்டி, சரியென ஒப்பி வைத்த இடது பெருவிரல் ரேகை.' அங்கே அவர் நிறுத்தியிருக்கலாம். கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு ஒன்றும் தெரிந்திருக்காது. ஆனால் ஒரு காகிதத்தில் ஒரு வரியை விட்டுவிட்டுப் படிக்க அவருக்கு வராது. அடுத்த வரியையும் படித்தார்.

"எழுதியது" என்றார். அதற்குப் பிறகு ஒரு பெயரைப் படித்தார்.

எனக்கு மட்டும்தான் அந்தப் பெயர் தெரியும். வாடகை ஒப்பந்தத்தின் அடியில் பார்த்திருக்கிறேன்.

பஸ் டிரைவர் தொடையைத் தட்டிக்கொண்டு எழுந்தார். "அவன் யாருங்க அது? கண்ணால பாத்த மாதிரி எழுதிக்கிறானே! அவனப் புடிச்சி நாலு கேள்வி கேட்டா எல்லாம் வெளிய வந்துடும் இல்ல?"

"ஆமா, அவன வுட்டுட்டாங்களே" என்றார்கள் இரண்டு கட்சியும் ஒன்று சேர்ந்து.

ரைட்டர் காகிதத்தை மடித்தார். "நாந்தாங்க அது" என்றார்.

கூடைக்குள் கோழி மட்டும் கொக்கரித்தது.

அப்போது அவருக்கு இருபது வயசாம். ஒரு பெரிய ரைட்டரிடம் வேலை கற்றுக்கொண்டிருந்தார். கையெழுத்து அழகாக இருக்கிறது என்று ஏட்டு கூப்பிட்டாராம். பெருமையாகப் போனாராம். ஏட்டு சொல்லச் சொல்ல எழுதினார். மலைக்காரர் சுவர் ஓரமாக உட்கார்ந்து இவர் எழுதுவதையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

"படிச்சிக் காட்டட்டுங்களான்னு கேட்டேன். 'அவனுக்கு இன்னாடா தெரியும், வெரலப் புடிச்சி வெய்யி'ன்னாரு ஏட்டு. புடிச்சி வெச்சேன். அந்த வெரலு சில்லுனு இருந்துது. கோர்ட்டு வுட்டுடுச்சு. ஆனா அந்த மனுசன் கடுக்கா மூட்டயோட திரும்ப வந்தப்ப கடவீதியில கொலகாரன் வர்றான்னு கத்துனாங்க. எழுதிக் குடுத்துக் கைநாட்டு வெச்சவன்தானேன்னு சொன்னாங்க. அப்பறம் அவரு மலய வுட்டு எறங்கவே இல்ல. செத்தும் போயிட்டாரு."

கோடாலிப் பையன் தலையைச் சொறிந்தான். "வூட்டுல யாராச்சும் இருக்கறாங்களா ஐயா?"

"சம்சாரம் இருக்கறாங்களாம்."

"போய்ச் சொன்னீங்களா?"

"இல்ல."

"இத்தினி வருஷமாவா?"

ரைட்டர் கோர்ட் நகலைக் கட்டுக்குள் செருகினார். அதற்குமேல் யாரும் தம்பி என்றோ கணக்குப்பிள்ளை என்றோ பேசவில்லை. சாயங்காலம் மேலதிகாரிகள் வந்து பேசி மரத்தை இழுத்துப் போட்டார்கள். பஸ் நகரும்போது அந்தப் பையன் ஜன்னல் ஓரமாக ஓடிவந்தான். "மலமேல போற வெள்ளிமல ரோட்ட நாங்க மறிக்கல ஐயா! போய்க்கினு வாங்க!"

பத்து நாள் கழித்து ரைட்டர் இன்ஸ்டிடியூட்டுக்கு வந்தார். கையில் மூன்றே பக்கம். மலைக்காரர் அத்தியாயம். அடித்துக் கொடுத்தேன். போகாமல் நின்றார்.

"சாட்சி ஒருத்தர் வோணும் டீச்சரம்மா. தனியாப் போனா பாதி வழியில திரும்பிடுவேன்."

கச்சிராயப்பாளையம் தாண்டி, கோமுகி அணை தாண்டி, பஸ் மலை ஏறியது. வளைவுக்கு வளைவு அவர் கண்ணை மூடிக்கொண்டார். வெள்ளிமலையில் இறங்கி ஒரு மணி நேரம் நடந்தோம். வழி நெடுக, என்ன சொல்லித் தொடங்குவது என்று என்னிடம் ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தார். எல்லாமே 'மேற்படி' என்று தொடங்கின.

மலைக்காரரின் சம்சாரம் வாசலில் சாமை புடைத்துக்கொண்டிருந்தாள். எழுபத்தைந்து வயசு இருக்கும். இவர் யார் என்று சொன்ன பிறகும் முறத்தைக் கீழே வைக்கவில்லை. புடைத்துக்கொண்டே, "படி" என்றாள்.

ரைட்டர் நின்றபடியே படித்தார். 'ஏழையான மேற்படி மலைக்காரர்' என்று வந்ததும் முறம் நின்றது.

"ஏழன்னு யாரு சொன்னது?"

"இல்லம்மா, அது வந்து..."

"பதினாறு மாடு வெச்சிருந்தாரு. உன்கிட்ட எத்தினி மாடு இருக்குது?"

"ஒண்ணும் இல்லம்மா."

"அப்ப எடு அத்த."

அடித்தார். அடுத்த வரி, 'அன்று அவர் பயந்து நடுங்கிக்கொண்டிருந்தார்.'

"யாரு நடுங்குனது?"

ரைட்டர் யோசித்தார். "நாந்தாம்மா நடுங்குனேன்."

"அப்டி எழுது."

எழுதினார். இதுவரை அவர் படித்துக் காட்டிய இடத்திலெல்லாம் பக்கங்கள் குறைந்துதான் பார்த்திருக்கிறேன். அங்கே நடந்தது வேறு. அன்று தன் புருஷன் கட்டியிருந்த வேட்டி புதுசு என்று எழுது என்றாள். எந்தப் பாறையில் எந்தத் தேன் இருக்கும் என்று வாசனையிலேயே சொல்வார் என்று எழுது என்றாள். ஜெயிலில் இருந்த பதினாலு மாதமும் அவள் எப்படி விதைத்தாள், யார் ஏர் கொடுத்தார்கள், திரும்பி வந்த அன்று அவர் மாட்டுக் கொட்டகையில் போய் எவ்வளவு நேரம் நின்றார், எல்லாம் எழுது என்றாள். காகிதம் தீர்ந்து, என் கைப்பையிலிருந்த டைப்ரைட்டிங் பரீட்சை விண்ணப்பங்களின் பின்பக்கத்தில் எழுதினார். மூன்று பக்கம் இருபத்திரண்டு பக்கம் ஆனது. மூன்று தடவை படிக்கச் சொன்னாள். ரைட்டரையே ஒருவர் படித்துக் காட்டச் சொல்லி வாட்டியெடுப்பதை அன்றுதான் பார்த்தேன். அவருக்குத் தொண்டை கட்டிவிட்டது. நடுவில் இரண்டு தரம் கூழ் கொடுத்தாள்.

எல்லாம் முடிந்ததும், "கொன்னது யாருன்னு தெரிஞ்சிதா?" என்று கேட்டாள்.

"தெரியலம்மா."

"பின்ன இன்னாத்துக்குப் புஸ்தகம்?"

"அவரு கொல்லலன்னு எழுதறதுக்கு."

"அது எனக்கு அன்னிக்கே தெரியும்" என்றாள்.

ரைட்டர் தலையைக் குனிந்துகொண்டு, பழக்கதோஷத்தில் பையிலிருந்து மைப்பெட்டியை எடுத்துத் திறந்து அவள் முன்னால் வைத்துவிட்டார். வைத்த பிறகுதான் என்ன செய்தோம் என்று உறைத்தது போல. எடுக்கவும் முடியாமல் விடவும் முடியாமல் கையை நீட்டியபடியே இருந்தார்.

அவள் மைப்பெட்டியை அவர் பக்கம் தள்ளினாள். "எங்க வூட்டுல வெச்சது போதும். நீ வெய்யி."

"எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியுமேம்மா" என்றார். குழந்தை மாதிரி இருந்தது குரல்.

"அவருக்குத் தேன் எடுக்கத் தெரியும், மாடு பழக்கத் தெரியும், கடுக்காய நிறுக்காம எடை சொல்லத் தெரியும். அதயா கேட்டீங்க?"

ரைட்டர் இடது பெருவிரலை மையில் தோய்த்து, கடைசிப் பக்கத்தின் அடியில் வைத்தார். ரேகை சரியாக விழவில்லை. அவள் எட்டி அந்த விரலைப் பிடித்து, அழுத்தி, ஒரு உருட்டு உருட்டினாள். பிறகு அவர் அழுவதைப் பார்த்துவிட்டு, எரிச்சலோடு எழுந்து உள்ளே போய், கை துடைக்கத் துணி கொண்டுவந்து போட்டாள்.

புத்தகம் அடுத்த வருஷம் சின்னசேலத்தில் ஒரு சின்ன அச்சகத்தில் அச்சானது. கொலைகாரன் யார் என்று கடைசியிலாவது சொல்லச் சொல்லி அச்சகக்காரர் மன்றாடிப் பார்த்தார். ரைட்டர் மசியவில்லை. கடைசிப் பக்கத்தில் தன் கைநாட்டை மட்டும் படமாகப் பிளாக் எடுத்துப் போடச் சொன்னார். அடியில் 'மேற்படி ரேகை இன்னாருடையது' என்று அவர் முழுப்பெயர். சாட்சி என்று என் பெயர்.

வினை அங்கேதான் வந்தது. எங்கள் ஊரில் கொலைப் புத்தகத்தை முதலிலிருந்து படிக்கிற பொறுமை யாருக்கு இருக்கிறது? வாங்கியவர்கள் எல்லோரும் நேராகக் கடைசிப் பக்கத்தைப் புரட்டினார்கள். அங்கே ஒரு பெயரும் ஒரு பெருவிரல் ரேகையும் இருந்தன. ஒரே வாரத்தில், மல்லாட்டை மில் முதலாளியைக் கொன்றது ரைட்டர்தான், மனசாட்சி உறுத்தி ஒப்புக்கொண்டுவிட்டார் என்று ஊர் முழுக்கப் பேச்சாகிவிட்டது. டீக்கடையில் அவருக்குப் பக்கத்தில் பெஞ்சு காலியாக இருந்தது. தம்பி முதலாளி மட்டும் ரொம்ப சந்தோஷப்பட்டு ஐம்பது பிரதி வாங்கினாராம்.

நான் கொதித்துப்போய் ஆபீஸ் வாசலுக்கு ஓடினேன். "முழுசாப் படிச்சிட்டுப் பேசுங்கன்னு ஒரு நோட்டீஸ் அடிச்சி ஒட்டலாங்க. நானே அடிச்சித் தர்றேன்."

அவர் யாருக்கோ கிரயப் பத்திரம் படித்துக் காட்டிக்கொண்டிருந்தார். அதை முடிக்கும்வரை என்னை நிற்க வைத்தார். கையெழுத்து வாங்கி, ஆளை அனுப்பிவிட்டுத்தான் திரும்பினார்.

"நோட்டீசு எதுக்கும்மா? கொலகாரன்ற அந்தப் பேரு இத்தினி வருஷமா மலமேல கெடந்துது. இப்பத்தான் கீழ எறங்கி வந்திருக்குது. கொஞ்ச நாள் இங்கியே இருக்கட்டும்."